சென்டரின் காதுக்கு ஒரே குரல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரங்களுக்கு முன்பு வெளிவந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். இந்த ஆட்டத்தை இவ்வளவு தெளிவாகத் தமிழில் யாரும் விளக்கி நான் பார்த்ததில்லை. அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. அதில் சொல்லியிருப்பது இது: ஓர் அணியில் நல்ல குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள், இருவர் இருந்தால் யார் ஆட்டத்தைத் தொடங்குவது என்று பயிற்சியாளர் திண்டாட வேண்டியதில்லை. இருவரையும் மாற்றி மாற்றி இறக்கி, அன்றைக்கு யாருக்குக் கைகூடி வருகிறதோ அவரிடம் ஆட்டத்தை ஒப்படைத்துவிடலாம். 2018இல் அலபாமா பல்கலைக்கழக அணி அப்படித்தான் கோப்பையை வென்றது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அன்றிரவு நடந்தது அதுவல்ல. மாற்றி மாற்றி இறக்குவது ஓர் அணியை என்ன செய்யும் என்பதைச் சென்ற இலையுதிர் காலம் முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகன் ஒகையோ மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி அணியில் அவன் சென்டர். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவர்கள் சென்டரைக் கவனிப்பதில்லை. ஆனால் தாக்கும் அணியின் ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் தொடுபவன் அவன்தான். குனிந்து, பந்தைப் புல்தரையில் பிடித்தபடி, தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் குரலுக்காகக் காத்திருப்பான். குரல் வந்ததும் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் அனுப்புவான். அனுப்பிய அதே நொடியில், எதிரே நிற்கும் 300 பவுண்டு ஆளைத் தடுத்தாக வேண்டும். இதற்கெல்லாம் என் மகனுக்கு உதவித்தொகை எதுவும் கிடையாது. அவனுடைய கல்லூரி மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதை விதி தடுக்கிறது. காலையில் ஆய்வகம், மாலையில் மைதானம், இரவில் படிப்பு. ஆட்டத்தின் மீது ஆசை இல்லாதவன் இரண்டு வாரம்கூட அங்கே நிற்க மாட்டான்.

அலபாமாவுக்கு வருகிறேன். 2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம். அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். இரண்டு ஆண்டுகளாக அவரே தொடக்க ஆட்டக்காரர். அந்த இரவுக்கு முன்பு அவர் தொடங்கிய ஆட்டங்களில் அணி தோற்றவை இரண்டே இரண்டு. முதல் பாதியில் அவர் எறிந்த 8 பந்துகளில் 3 மட்டுமே போய்ச் சேர்ந்தன, கிடைத்தது 21 யார்டு. இடைவேளையில் ஜார்ஜியா 13–0 என்று முன்னிலையில் இருந்தது. பயிற்சியாளர் நிக் சேபன் முதலாண்டு மாணவரான டுவா டகோவைலோவாவை இறக்கினார். இதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி. அவர் விட்டுவிட்டது அதற்குப் பிறகு நடந்ததை.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில் டகோவைலோவா எறிந்த ஒரு பந்தை எதிரணி பறித்துக்கொண்டது. மாற்றி மாற்றி இறக்கும் பயிற்சியாளராக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஹர்ட்ஸைத் திரும்ப அழைத்திருப்பார். சேபன் அழைக்கவில்லை. கூடுதல் ஆட்டத்தில் முதல் நகர்விலேயே டகோவைலோவா எதிரணியிடம் சிக்கி 16 யார்டு பின்னால் போய் விழுந்தார். பந்தைத் தக்கவைக்கவே இன்னும் 26 யார்டு முன்னேற வேண்டும். அப்போதும் அவர்தான் நின்றார். அடுத்த எறிதல் 41 யார்டு பறந்து டிவான்டா ஸ்மித்தின் கைக்குப் போனது. 26–23. ஆட்டம் முடிந்தது. சேபன் அன்று செய்தது ஒரே ஒரு மாற்றம். அதைச் செய்த பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பையன் பிழை செய்தபோதும் களம் அவன் கையிலேயே இருந்தது. இதைப் போய் இருவரையும் சுழற்றுவதற்குச் சான்றாகக் காட்டலாமா?

இப்போது என் மகனின் அணி. பயிற்சியாளரின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சென்ற ஆண்டு எங்களிடம் இரண்டு குவார்ட்டர்பேக்குகள். ஒருவன் நான்காம் ஆண்டு மாணவன், நல்ல உயரம், வலக்கைக்காரன். தாக்குதல் திட்டங்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். எதிரணியின் தடுப்பாளர்கள் ஓரடி நகர்ந்து நின்றால்கூட யார் ஓடிவரப் போகிறான் என்று சொல்லிவிடுவான். மற்றவன் முதலாண்டு மாணவன். உயரம் குறைவு, இடக்கைக்காரன், கால்களில் மின்னல். ஆகஸ்ட் மாதப் பயிற்சியில் அவன் எறிந்த ஒரு பந்தைப் பார்த்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்ற பெற்றோர்கள் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினோம். அன்று மாலையே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. நான் மூத்தவனின் கட்சி. என் வீட்டில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து சாப்பிட்டவன், என் மகனுக்குக் கணிதப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் என்பதும் அதில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பயிற்சியாளர் முடிவெடுக்கவில்லை. முதல் ஆட்டத்தில் இருவரும் இறங்குவார்கள், யார் நன்றாக ஆடுகிறார்களோ பார்ப்போம் என்றார். இரண்டாம் ஆட்டத்திலும் அதே பேச்சு. நான்கு ஆட்டங்கள் இப்படியே போயின.

வெளியிலிருந்து பார்த்தால் இது நியாயமாகத்தான் தோன்றும். இருவருக்கும் சம வாய்ப்பு, இதில் என்ன குறை? குறை என்னவென்று என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மூத்தவனின் குரல் கனமானது, நிதானமாக எழும்பும். இளையவனின் குரல் சாட்டை சொடுக்குவது போல வரும். வரிசையில் நிற்கும் எங்கள் அணியின் ஐந்து தடுப்பாளர்களும் கண்ணால் பந்தைப் பார்த்து எழுவதில்லை. காதால் கேட்டு எழுகிறார்கள். குரல் மாறினால் எழும் நொடி மாறும். அரை நொடி முன்னால் அசைந்தால் 5 யார்டு தண்டனை, அரை நொடி பின்னால் எழுந்தால் எதிராளி ஏற்கெனவே உள்ளே வந்திருப்பான். பந்தை அனுப்பும் உயரமும் வேறு. மூத்தவனின் மார்பு உயரத்துக்கு அனுப்பிப் பழகிய கை, இளையவனுக்கு அனுப்பினால் அது முகத்துக்குப் போகும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று உண்டு. கட்டுரையாளர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வலக்கைக்காரன் எறிய நிற்கும்போது அவனுக்கு முதுகுப்புறம் இடப்பக்கம். பின்னாலிருந்து பாய்ந்து வருபவனை அவன் பார்க்க மாட்டான். இடக்கோடியில் நிற்கும் தடுப்பாளன்தான் அவனுக்குக் கண். இடக்கைக்காரன் வந்து நின்றால் எல்லாம் தலைகீழ். வலக்கோடியில் நிற்பவன் கண்ணாக வேண்டும். ஒரே ஆட்டத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இந்தப் பொறுப்பு ஒருவன் தோளிலிருந்து மற்றவன் தோளுக்கு மாறிக்கொண்டே இருந்தால் அந்த இரண்டு பையன்களின் நிலை என்ன? குவார்ட்டர்பேக்கை மாற்றுவது ஓர் ஆளை மாற்றுவது என்று நினைக்கிறோம். அவனோடு சேர்ந்து பத்துப் பேரின் வேலையும் மாறுகிறது.

நான் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோவேன். பந்து நம் அணியிடம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி: யார் குவார்ட்டர்பேக், எத்தனை நகர்வு, எப்படி முடிந்தது. நான்காம் ஆட்டம் மழையில் நடந்தது, வெளியூர் மைதானம். அன்றைய பக்கத்தில் மை கரைந்திருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. முன்கூட்டியே அசைந்ததற்காக மூன்று தண்டனைகள். மூன்றுமே குவார்ட்டர்பேக் மாறிய பிறகு வந்த முதல் நகர்வில். மூன்றாம் பகுதியில் மூத்தவன் வெளியே வந்து இளையவன் உள்ளே போனான். என் மகன் அனுப்பிய பந்து அவன் தலைக்கு மேலே போய்ச் சேற்றில் உருண்டது. எதிரணி விழுந்து பிடித்துக்கொண்டது. நாங்கள் தோற்றது 3 புள்ளிகளில்.

அன்றிரவு திரும்பும் பஸ்ஸிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தான். "என் கைதான் அம்மா தப்பு செய்தது" என்று மட்டும் சொன்னான். பிறகு நெடுநேரம் பேசவில்லை, வைக்கவும் இல்லை. பஸ்ஸின் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கை தப்பு செய்யவில்லை. முடிவெடுக்க வேண்டியவர் எடுக்காத முடிவின் பாரம் அந்தக் கையில் வந்து விழுந்தது. இதை இன்றைக்கும் நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்தப் பிழை சிறிய கல்லூரிகளுக்கு மட்டும் உரியதல்ல. 1999இல் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் லாயிட் கார் அனுபவம் மிக்க பயிற்சியாளர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவருடைய அணி தேசியப் பட்டத்தைப் பெற்றிருந்தது. அவரிடம் இருவர்: ஐந்தாம் ஆண்டில் இருந்த டாம் பிரேடி, உள்ளூர் நட்சத்திரமான ட்ரூ ஹென்சன். முதல் பகுதி பிரேடிக்கு, இரண்டாம் பகுதி ஹென்சனுக்கு, இடைவேளையில் பார்த்து முடிவு என்று ஏழு ஆட்டங்கள் ஓட்டினார். முதல் ஐந்தும் வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் மிஷிகன் ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டாம் பாதி ஹென்சனுக்குப் போனது. 17 புள்ளிகள் பின்தங்கிய பிறகு பிரேடியைத் திரும்ப இறக்கினார்கள். பிரேடி ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார். முடிவில் 34–31 என்று தோல்வி. அதற்கடுத்த ஆட்டத்துக்குப் பிறகு கார் சுழற்சியை நிறுத்தி, மீதிப் பருவம் முழுவதையும் பிரேடியிடம் கொடுத்தார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் 2000 ஜனவரி 1, ஆரஞ்சு பவுல் என்ற பருவ இறுதிப் போட்டி. அலபாமாவிடம் இரண்டு முறை 14 புள்ளிகள் பின்தங்கி, இரண்டு முறையும் மீண்டு, கூடுதல் ஆட்டத்தில் 35–34 என்று வென்றார்கள். பிரேடி எறிந்தது 369 யார்டு, நான்கு டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). களம் தன்னுடையது என்று தெரிந்த ஒருவர் அப்படி ஆடுவார். பிழை செய்தால் வெளியே அழைத்துவிடுவார்கள் என்று ஓரக்கண்ணால் கோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே எறிபவரால் 14 புள்ளிகளை இரண்டு முறை துரத்த முடியாது.

எங்கள் ஊர்க்காரர்கள் மறக்காத கதை ஒகையோ ஸ்டேட்டுடையது. 2014இல் தொடக்க ஆட்டக்காரராக இருக்க வேண்டிய பிராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்கும் முன்பே தோளில் காயம்பட்டார். ஜே.டி.பாரட் வந்தார், மிஷிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கணுக்கால் முறிந்தது. மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் வந்து மூன்றே ஆட்டங்களில் விஸ்கான்சினை 59–0, அலபாமாவை 42–35, ஆரிகனை 42–20 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார். அந்தப் பருவத்தில் மூன்று பேர் தேவைப்பட்டார்கள், ஆனால் எந்த நாளிலும் களத்துக்கு உரியவர் யார் என்ற ஐயம் இல்லை. காயம் முடிவெடுத்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜோன்ஸும் பாரட்டும் நலமாகவே இருந்தார்கள். இப்போது மனிதர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதலில் ஜோன்ஸ் தொடங்கினார், இலக்குக்கு அருகே போனதும் பாரட்டை இறக்கினார்கள், அக்டோபரில் பாரட் தொடக்க ஆட்டக்காரர் ஆனார். முந்தைய ஆண்டின் சாம்பியன் அணி, நவம்பரில் சொந்த மைதானத்தில் மிஷிகன் ஸ்டேட்டிடம் 17–14 என்று தோற்று, தேசியப் பட்டத்துக்காக நான்கு அணிகள் மோதும் சுற்றுக்குப் போகாமலே போனது. அந்த ஒரு தோல்விக்குக் குவார்ட்டர்பேக் குழப்பம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இலையுதிர் காலம் முழுக்க அலுவலகத்திலும் கடை வரிசையிலும் இங்கே பேசப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: இன்று யார்?

2006இல் ஃபுளோரிடா இருவரை வைத்து வென்றதே என்று கட்டுரையாளர் கேட்கலாம். அங்கே கிறிஸ் லீக் தொடக்க ஆட்டக்காரர். டிம் டீபோ பெரும்பாலும் சில யார்டு தேவைப்படும் இடங்களில் பந்தோடு ஓட வந்தார். அணி யாருடையது என்று இருவருக்கும் தெரியும். அது வேறு.

பயிற்சியாளர்கள் ஏன் முடிவைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. முன்பெல்லாம் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2021 முதல் ஒருமுறை மாறினால் அந்தக் காத்திருப்பு இல்லை. 2024இல், படிப்பில் தகுதி இருந்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று விதி தளர்ந்தது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறவும் முடிகிறது. ஆகவே ஒருவனைத் தொடக்க ஆட்டக்காரன் என்று அறிவித்தால் மற்றவன் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவான் என்று பயப்படுகிறார்கள். அவன் போனால்தான் என்ன? 2018 வசந்தகாலத்தில் ஒகையோ ஸ்டேட்டில் ஜோ பரோவுக்கு இடம் இல்லை என்று தெரிந்துபோயிற்று. பட்டத்தை வாங்கிக்கொண்டு லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். 2019இல் 60 டச் டவுன் எறிந்தார், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார், அணி 15 ஆட்டங்களையும் வென்றது. இடம் இல்லை என்ற செய்தி சரியான காலத்தில் கிடைத்ததால் அவர் வாழ்வு வேறு பக்கம் திரும்பியது. 20 வயதுப் பையனை அரைகுறை நம்பிக்கையில் ஓராண்டு நிறுத்தி வைப்பதைவிட, முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதை.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பெரிய கல்லூரிகளில்கூடப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. அந்த 20 மணி நேரத்தில் கூட்டம், உடற்பயிற்சி எல்லாம் போக, முதல் அணியோடு நின்று எறியும் வாய்ப்பு எவ்வளவு மிஞ்சும்? அதையும் இரண்டாகப் பிளந்தால் இருவரும் பாதி தயாரானவர்களாகத்தான் சனிக்கிழமை வந்து நிற்பார்கள்.

எங்கள் பயிற்சியாளர் ஐந்தாம் வாரம் முடிவெடுத்தார். என் கட்சி தோற்றது. இளையவனைத்தான் தேர்ந்தெடுத்தார். மூத்தவனைத் தன் அறைக்கு அழைத்து, காரணங்களைச் சொல்லி, மீதி ஐந்து ஆட்டங்களும் அவனுடையவை அல்ல என்று நேராகச் சொன்னாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அடுத்த வாரம் முதல் கோட்டோரத்தில் நின்று கைச் சைகைகளால் உள்ளே திட்டங்களை அனுப்பினான். எதிரணித் தடுப்பாளர்களின் நகர்வுகளை ஒவ்வொரு இடைவெளியிலும் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

ஹர்ட்ஸின் மறுபாதியைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரியும் வாசகர்களுக்குக் கிடைத்திருக்கும். இடத்தை இழந்த ஹர்ட்ஸ் 2018 பருவத்தில் அலபாமாவிலேயே தங்கினார். அந்த டிசம்பரில், அதே அட்லாண்டா மைதானத்தில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டகோவைலோவா காயம்பட்டு வெளியேறினார். அணி 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ஹர்ட்ஸ் உள்ளே வந்து ஒரு டச் டவுன் எறிந்தார், இன்னொன்றுக்குத் தானே ஓடினார். 35–28. அவரால் அது முடிந்ததற்குக் காரணம், அந்தப் பருவத்தில் அவருடைய இடம் எது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லாததுதான் என்று நான் நம்புகிறேன். பிறகுதான் அவர் ஓக்லஹாமாவுக்குப் போனார்.

எங்கள் அணி மீதி ஐந்து ஆட்டங்களில் மூன்றில் வென்றது. பெரிய சாதனை அல்ல. ஆனால் என் நோட்டுப் புத்தகத்தின் கடைசி ஐந்து பக்கங்களில், முன்கூட்டி அசைந்ததற்கான தண்டனை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது; பந்து ஒருமுறைகூடத் தலைக்கு மேலே போகவில்லை. மூத்தவன் தொடங்கியிருந்தால் நான்கில் வென்றிருப்போம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. மகனிடம் சொன்னேன். "இருக்கலாம் அம்மா. ஆனால் எனக்கு ஒரு குரல் கேட்டால் போதும்" என்றான்.

ஆகவே, அந்தக் கட்டுரையின் அலபாமா பகுதிக்குத் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் இப்போது பள்ளி அணிகளில் சேருகிறார்கள். அவர்களுடைய பெற்றோர்கள் தங்கள் இதழைப் படித்துவிட்டுத்தான் மைதானத்து வேலியோரம் வந்து நிற்கிறார்கள்.

மூத்தவன் மே மாதம் பட்டம் வாங்கிவிட்டான். ஆகஸ்டில் மீண்டும் பயிற்சி தொடங்குகிறது. இண்டியானாவிலிருந்து இன்னொரு குவார்ட்டர்பேக் புதிதாகச் சேருகிறானாம், ஆறடி மூன்று அங்குலமாம். சென்ற வாரம் மகனிடம், இந்த ஆண்டு யார் தொடங்கப் போகிறார்கள் என்று கொஞ்சம் பயத்தோடு கேட்டேன். "பயிற்சியாளர் ரெண்டு பேரையும் ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசிவிட்டார் அம்மா" என்றான்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஒகையோ, அமெரிக்கா